எல்லோரும் நாற்பத்தொன்று

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் குமிழி என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, யாரடா இவள் என்று அவளே ஒரு கணம் முழிப்பாள் என்று கேலி செய்வார்கள்.

பத்தொன்பது வருடங்களாக அவள் செய்த வேலை தண்ணீரைப் பார்ப்பது. சமையல் எரிவாயு சிலிண்டரின் தலையில் மாட்டும் ரெகுலேட்டரைச் செய்கிற கம்பெனி அது. கடைசிக் கூடத்தில் வரிசையாகப் பதினொரு தண்ணீர்த் தொட்டிகள். தொட்டிக்கு ஒரு பெண். ரெகுலேட்டரைக் காற்றுக் குழாயில் மாட்டி, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் குமிழி வரும். கேட்கிறவர்களுக்கு, இதுவும் ஒரு வேலையா என்றிருக்கும்.

ஆனால் எந்தப் பொருளைத் தண்ணீரில் அமுக்கினாலும், அதன் மேல் ஒட்டிக்கொண்டு வந்த காற்று முதலில் குமிழியாகக் கிளம்பும். அது பொய்க் குமிழி. அதே இடத்திலிருந்து இரண்டாவதாக ஒன்று வந்தால்தான் ஓட்டை. பெரிய ஓட்டை உடனே காட்டிக் கொடுத்துவிடும். நுண்ணிய ஓட்டை அப்படியில்லை. இருபது, இருபத்திரண்டு எண்ணும்வரை செத்ததுபோல் கிடந்துவிட்டு, பிறகு கடுகளவில் ஒன்றை விடும். அதற்காகத்தான் முப்பது எண்ண வேண்டும் என்று விதி. கடிகாரத்தைப் பார்த்தால் தண்ணீரைப் பார்க்க முடியாது. அதனால் எல்லோரும் வாய்க்குள்ளேயே எண்ணுவார்கள். தேறிய ரெகுலேட்டரின் பித்தளைக் கழுத்தில் ஒரு சிறிய எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பதினொரு பெண்களுக்கும் தனித்தனி எண். எந்த எண் யாருடைய கை என்பது அரசின் தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்துப் பதிவேட்டில் இருக்கும். குமிழியின் எண் நாற்பத்தொன்று.

அந்த எண்ணின் மேல் அவளுக்கு இருந்த பைத்தியத்தைச் சொல்லி மாளாது. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிய கையோடு நேராக அடுப்படிக்குப் போவாள். சிலிண்டர் பக்கம் குனிந்து கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். என்ன சமைத்திருக்கிறோம் என்று வேவு பார்க்கிறாள் என்று ஒரு சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொண்டதுகூட உண்டு. பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் அதற்குச் சமாதானம் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. அவ ஆளைப் பாக்க வரல. ஊர் பூராவும் தத்துக் கொடுத்த புள்ளைங்களைப் பாக்க வந்திருக்கா."

மற்றவர்கள் நாளுக்கு ஐந்நூறு பார்த்தால் குமிழி நானூற்றைம்பதுதான் பார்ப்பாள். மேஸ்திரிகள் திட்டிப் பார்த்து ஓய்ந்தார்கள். பக்கத்துத் தொட்டியில் இருந்தது அவளுடைய நாத்தனார். கணவனை இழந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தவளை, குமிழிதான் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே சேர்த்துவிட்டிருந்தாள். நாத்தனாரின் எண் முப்பத்தேழு. வருடத்துக்கு நாலைந்து முப்பத்தேழு குறையோடு திரும்பி வரும். நாற்பத்தொன்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பெரிய முதலாளி படுத்த படுக்கையானதும் சின்ன முதலாளி வந்தார். அவர் பின்னாலேயே ஓர் ஆலோசகர் வந்தார். ஒரு கம்பெனிக்கு அதன் அடையாளம் என்ன என்பதைக் கண்டுபிடித்துத் தருவது அவருடைய தொழில். அடையாளம் தெரிந்துவிட்டால் தொழிலாளி கம்பெனியைத் தன்னுடையதாக நினைப்பானாம். நினைத்துவிட்டால் உழைப்பு தானாகப் பெருகுமாம். உலை போலக் கொதிக்கும் கூடத்திலும் கழுத்துப் பட்டையைத் தளர்த்தாமல் நடந்ததால், முதல் நாளே அவருக்கு 'டை' என்று பெயர் விழுந்தது.

டை எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். 'நம் கம்பெனி ஒரு மிருகம் என்றால், அது எந்த மிருகம்?'

"இதென்ன அண்ணி, சம்பள உயர்வு கேட்டா ஜோசியம் கேக்கறாங்க?" என்றாள் நாத்தனார்.

"ஏதாவது எழுதிக் குடுடி."

நாத்தனார் மலைப்பாம்பு என்று எழுதினாள். விழுங்கிவிட்டு அசையாமல் கிடக்கிறது என்று காரணமும் எழுதினாள். நாலு பேர் கழுதை. ஒருத்தி பசு என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவள், 'நீதான் கறக்கறியா?' என்று கேட்டதும் அடித்துவிட்டு எருமை ஆக்கினாள். மறுவாரம் அறிவிப்புப் பலகையில் முடிவு வந்தது: 'தொழிலாளர்களின் ஒருமித்த குரல் - நாம் ஒரு சிங்கம்!'

இத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். திரும்பி வந்த சரக்கின் கணக்கைப் புரட்டிய டை, நாற்பத்தொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா, பத்தொன்பது வருஷம், ஒரு பீஸ்கூட ரிட்டர்ன் இல்லை. எப்படிக்கா?"

"முப்பது எண்ணுவேன் சார்."

"அது சரி. மனசுல என்ன நெனச்சுக்கிட்டு எண்ணுவீங்க?"

குமிழி யோசித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நெனச்சுக்கிட்டு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் பலகையில் வந்தது: 'எங்கள் நாற்பத்தொன்று - தவம் போன்ற அர்ப்பணிப்பு.'

பிறகு ஒரு விழா. கூடத்தின் நடுவே மேடை கட்டினார்கள். சின்ன முதலாளி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு உணர்ச்சிவசப்பட்டார். கம்பெனியின் அடையாளம் சிங்கமில்லை, நம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை என்றார். "இன்னையிலிருந்து இங்க தனித்தனி நம்பர் கிடையாது. நான் நாப்பத்தொண்ணு. நீங்க நாப்பத்தொண்ணு. எல்லாருமே நாப்பத்தொண்ணு! அக்கா, உங்க நம்பரை எங்க எல்லாருக்கும் குடுப்பீங்களா?"

முந்நூறு பேர் கை தட்டினார்கள். பத்தொன்பது வருடம் குனிந்த தலை நிமிராமல் தண்ணீரைப் பார்த்தவளை முந்நூறு பேர் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தன் அச்சைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் பத்து அச்சுகள் வெட்டினார்கள். தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு யாரும் ஒரு வரி எழுதிப் போடவில்லை.

அன்று வீட்டில் கணவர் மட்டும் கேட்டார். "உன் லைசென்ஸ் நம்பரை எல்லா டிரைவருக்கும் ஒட்டறேன்னு எங்க டிப்போல சொன்னா நான் விடுவேனா?"

"உங்களுக்குப் பொறாமை" என்றாள் குமிழி.

எல்லோர் நெஞ்சிலும் 'நான் நாற்பத்தொன்று' என்ற வில்லை ஏறியது. காலையில் நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி. தொட்டிகளுக்கு மேலே ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்க ஒரு பாட்டு. 'ஒன்றாய் எழுவோம், ஒன்றாய் வெல்வோம், நாற்பத்தொன்றாவோம்' என்று பறந்து பறந்து அடிக்கும் பாட்டு. காலைத் தரையில் ஊன்றி நிற்கவே முடியாது. சுவரில் ஒரு பலகை; அன்றைய உற்பத்தி ஏற ஏற அதில் ஒரு முகம் சிரித்துக்கொண்டே போகும்.

உற்பத்தியும் ஏறியது. பதினொரு தொட்டியிலும் சேர்த்து நாளொன்றுக்கு ஐயாயிரத்து ஐந்நூறை எட்டவே மூச்சு வாங்கியவர்கள் ஏழாயிரத்துக்குப் போனார்கள், எட்டாயிரத்துக்குப் போனார்கள், ஒன்பதாயிரத்தைத் தாண்டினார்கள். யாரும் சாட்டை எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் முன்னதாகவே எழுந்து வந்தார்கள். மலைப்பாம்பு என்று எழுதிய நாத்தனார் வில்லையைக் கழற்றாமலேயே காய்கறிக் கடைக்குப் போனாள். "என்னவோ தெரியல அண்ணி, வீட்ல இருக்கறதைவிட இங்க இருந்தா சந்தோஷமா இருக்கு." குமிழிக்கும் அப்படித்தான் இருந்தது. அவளே எண்ணூறு பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் பொய்யே இல்லை. அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது மாதம் கணவர் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். "டிப்போ எதிர டீ போடற அம்மா இருக்காங்கல்ல, காலையில அடுப்பு பத்த வெச்சிருக்காங்க. குப்புனு பிடிச்சிருச்சு. ரெண்டு கையும் கழுத்தும் வெந்து போச்சு. எங்க கண்டக்டர்தான் போர்வையைப் போட்டு அமுக்கினாரு."

"எதுனால?"

"ரெகுலேட்டர்ல கசிவுன்னு பேசிக்கறாங்க. புதுசு. மாட்டி ஒரு மாசம்கூட ஆகலையாம்."

அவள் எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சின்ன முதலாளி அவளைக் குளிரூட்டிய அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் டை. உட்காருங்கள் என்றார்கள். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அந்த டீக்கடை விஷயம். பீஸ்ல நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. விசாரணை வருது. பதிவேட்டுல நாப்பத்தொண்ணுன்னா அது நீங்கதான்."

"எல்லாரும்தானே சார் நாப்பத்தொண்ணு? நீங்களே மேடையில சொன்னீங்களே, நான் நாப்பத்தொண்ணுன்னு."

சின்ன முதலாளி டையைப் பார்த்தார். டை மிகக் கனிவாகச் சொன்னார்: "அது உணர்வு அக்கா. இது ரெக்கார்டு."

ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்கள். குறிப்பிட்ட பொருளைச் சோதித்துத் தேர்வு செய்தது நான்தான். அன்று உடல்நலக் குறைவால் கவனம் தவறிவிட்டது. கம்பெனியின் சோதனை முறையில் எந்தக் குறையும் இல்லை. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"உங்க வேலைக்கு எதுவும் ஆகாது. ஆபீஸ்ல ஒரு நாற்காலி. இனிமே கையை நனைக்கவே வேண்டாம்" என்றார் சின்ன முதலாளி. "உங்க நாத்தனாரும் இங்கதானே இருக்காங்க? அவங்களையும் பாத்துக்குவோம்." கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று எழுந்தாள். அந்த அறையின் வாசனைத் திரவியம் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினாள். "என் கைய விட்டு அது போயிருக்காது. பத்து பேர் கையில என் நம்பரைக் குடுத்தேனே, அது என் புத்தி கெட்ட வேலை. ஆனா என் கை விட்டிருக்காது. பாட்டு பாடினாலும் சரி, இடியே விழுந்தாலும் சரி, நான் முப்பது எண்ணாம வெளிய எடுத்ததில்ல."

பிள்ளைகளோடு வந்திருந்த நாத்தனார் முணுமுணுத்தாள். "நானும் முப்பது எண்றேன் அண்ணி. இந்த நாலு மாசத்துல ஒரு பீஸ்கூட குறைச்சு எண்ணல. வில்லையைக் குத்திக்கிட்டு ஏமாத்த மனசு வரல."

கணவர் கைபேசியை எடுத்தார். "முன்னாடி ஐந்நூறு. இப்போ எப்படி எண்ணூறு, தொள்ளாயிரம்? கை வேகம் கூடியிருக்கலாம். எண்ற வேகம் எப்படிக் கூடும்? சரி, எண்ணு பாக்கலாம்."

குமிழி கண்ணை மூடிக்கொண்டு பழைய வழக்கப்படி எண்ணினாள். முப்பது என்றதும் அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். முப்பத்தொரு விநாடி.

"பாத்தீங்களா?" என்றாள் வெற்றியோடு.

"இப்போ அந்தப் பாட்டோட எண்ணு."

சின்னவள் பாட்டைப் பாடினாள். உறுதிமொழியும் பாட்டும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். குமிழி எண்ணினாள். எண்ணும்போதே கால் தாளம் போட்டது. முப்பது.

கணவர் கைபேசியை நீட்டினார். பதின்மூன்று விநாடி.

நாத்தனார் பிடுங்கிக்கொண்டு தானும் எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு.

சின்னவள் இன்னொரு தடவை பாடட்டுமா என்று கேட்டு அக்காவிடம் குட்டு வாங்கினாள்.

குமிழி எழுந்து பின்பக்கம் போனாள். யாரும் ஏமாற்றவில்லை. ஒருத்திகூட. பதினொரு பேரும் மனசார, நெஞ்சில் கை வைத்து, முப்பது முப்பதாக எண்ணியிருக்கிறார்கள்; இருபதுக்கு மேல் தலைகாட்டுகிற ஓட்டையெல்லாம் பதின்மூன்றாவது விநாடியில் முத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. திட்டி வேலை வாங்கியிருந்தால் முறைத்திருப்பாள். கூலியை உயர்த்தி வேகம் கேட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். கம்பெனியே நீதான் என்று சொன்னார்கள். நம்பினாள். பத்தொன்பது வருட எண்ணிக்கையை நாலு வரிப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த டீக்கடை ரெகுலேட்டர் தன் கையிலிருந்தே போயிருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்ய இனி அவளால் முடியாது. அவளுக்குச் சின்ன முதலாளி மேல் இருந்த அருவருப்பு, சுற்றி வந்து அவள் மேலேயே படிந்தது.

மறுநாள் கம்பெனிக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனாள். டீக்கடை அம்மாள் இரண்டு கைகளும் கட்டுப் போட்டுத் தலையணைகள் மேல் வைக்கப்பட்டு மல்லாந்து கிடந்தாள். மருந்தையும் மீறி வெந்த தோலின் வாடை. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பழக்கூடை. அதன் கைப்பிடியில் ரிப்பன். ரிப்பனில் குத்தியிருந்தது அந்த வில்லை.

"கம்பெனி ஆளுங்க நேத்து வந்தாங்க" என்றாள் அந்த அம்மாள். "நாங்க குடும்பம் மாதிரி, உங்களையும் குடும்பமா நினைக்கறோம்னாங்க. போட்டோ புடிச்சாங்க. பழத்தைக் கையில வாங்கற மாதிரி காட்டுங்கன்னு ஒருத்தன் சொல்றான். எந்தக் கையிலடா வாங்கறதுன்னு கேட்டேன்."

குமிழி அந்த வில்லையைப் பிடுங்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அம்மா, நான்தான் நாப்பத்தொண்ணு."

அந்த அம்மாள் அலுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வந்தவங்க எல்லாரும் நெஞ்சுல அதத்தான் எழுதி வெச்சிருந்தாங்க."

விசாரணைக்கு முந்தின நாள் நாத்தனார் வந்து அழுதாள். "என்ன சொல்லப் போறீங்க அண்ணி?"

"நடந்ததை."

"ஒரு கையெழுத்துப் போட்டா உங்களுக்கு நாற்காலி, எனக்கு வேலை. நீங்க வாயைத் திறந்தா நாலு மாசச் சரக்கையும் திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. கம்பெனியை இழுத்து மூடினா பதினொரு பேரும் தெருவுல நிப்போம். என் ரெண்டு புள்ளைங்களையும் நீங்களா பாப்பீங்க?"

"பாக்கறேன்."

"எதை வெச்சு?"

"நீ முப்பது எண்ணினே. நானும் எண்ணினேன். நாம விட்ட ஓட்டை இப்போ எத்தனை வீட்டு அடுப்படியில இருக்குன்னு உனக்குத் தெரியுமா? உன் புள்ளைங்க தூங்கற வீட்லயும் நாப்பத்தொண்ணுதான் மாட்டியிருக்கு."

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள். போனவள் முதல் காரியமாகத் தன் வீட்டு ரெகுலேட்டரைக் கழற்றி வெளியே வைத்தாள் என்று பெரியவள் பிறகு வந்து சொன்னாள்.

தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோப்பைப் படிக்கிற, யாரையும் பார்த்துச் சிரிக்காத ஆள். சோதனைக் கூடத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்தார். சின்ன முதலாளி, டை, பதினொரு பெண்கள். ஒலிபெருக்கியை அணைத்திருந்தார்கள்.

"நாற்பத்தொன்று யாரும்மா?"

"நான்தான் மேடம். அது நான் தேர்வு செஞ்சதா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எனக்கே தெரியாது."

சின்ன முதலாளி குறுக்கிட்டார். "மேடம், அவங்க கொஞ்சம் மனசு உடைஞ்சு போயிருக்காங்க…"

"உங்களைக் கேக்கலை" என்றார் அதிகாரி. "எப்படிம்மா தெரியாது? உன் நம்பர்தானே?"

"அந்தப் பலகையைப் பாருங்க மேடம்." சுவரில் முகம் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "முந்தாநாள் ஒன்பதாயிரத்து இருநூறுன்னு போட்டிருக்கு. எல்லாத்துலயும் நாப்பத்தொண்ணு. ஒரு பீஸுக்கு மாட்டி, எண்ணி, கழட்டி, அச்சடிக்க ஒரு நிமிஷம் ஆகும். ஒன்பதாயிரம் நிமிஷம்னா நூத்தைம்பது மணி நேரம். எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு நூத்தைம்பது மணி நேரம் வெச்சிருக்காங்களா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கிப் பலகையைப் பார்த்தார். பிறகு தொட்டிகளுக்குப் போய்ப் பதினொரு அச்சுகளையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். பதினொரு நாற்பத்தொன்றுகள்.

"இது பணியாளர் ஈடுபாட்டுக்கான ஒரு முயற்சி" என்று ஆரம்பித்தார் டை. "சோதனை முறையை நாங்க தொடவே இல்லை. முப்பது எண்ணணும்னா முப்பதுதான். யாரை வேணாலும் கேளுங்க."

"கேக்க வேண்டாம். பாட்டைப் போடச் சொல்லுங்க மேடம்" என்றாள் குமிழி.

பாட்டு எழுந்தது. குமிழி ஒரு ரெகுலேட்டரை மாட்டி அமுக்கினாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது என்று சத்தமாக எண்ணி முடித்தாள். பதின்மூன்று விநாடி. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அதே ரெகுலேட்டரை மறுபடி அமுக்கினாள். முப்பத்தொன்று. அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். "நீங்களும் இப்படித்தானா?"

பெண்கள் சின்ன முதலாளியைப் பார்த்தார்கள். வேலை, பிள்ளை, வாடகை எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. கடைசியில் நாத்தனார், தலையைத் தூக்காமல், "என்னோடது பன்னெண்டு மேடம்" என்றாள்.

அதிகாரி எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "பாட்டு வந்ததுக்கு அப்புறம் போனது எது, முந்தி போனது எதுன்னு பிரிக்க முடியுமா? கழுத்துல தேதி இருக்கா?"

இந்தக் கேள்விக்குக் குமிழி தயாராக இல்லை. தேதி அட்டைப் பெட்டியில்தான் இருக்கும். பெட்டியை அன்றே குப்பையில் போட்டுவிடுவார்கள். கழுத்தில் எண் மட்டும்தான். நாற்பத்தொன்று என்று இருந்தால் பத்தொன்பது வருடத்தில் எப்போதுடையதாகவும் இருக்கலாம், யாருடையதாகவும் இருக்கலாம். மற்ற பத்துப் பேருக்கும் இந்தச் சங்கடமில்லை. அவர்களுடைய பழைய எண்கள் பத்திரமாக இருந்தன. நாத்தனாரின் குறையுள்ள முப்பத்தேழுகூட வீடுகளில் நிம்மதியாக இருக்கும்.

சின்ன முதலாளி அவசரமாகச் சொன்னார்: "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பத்தொன்பது வருஷ உழைப்பு. உங்க பேரு."

அந்த ஆளின் வாயிலிருந்து அதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பு கூசியது.

"பிரிக்க முடியாது மேடம்" என்றாள். "நாப்பத்தொண்ணு எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க."

அறிவிப்பு ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பெரிய எழுத்தில் எண் மட்டும். கீழே, இந்த எண்ணுள்ள ரெகுலேட்டரைப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்து. கம்பெனிக்கு அபராதம் விழுந்தது, இழுத்து மூடவில்லை. குமிழிக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். நிறுவனத்தின் உணர்வோடு ஒத்துப்போகவில்லை என்று காரணம். நாத்தனாரை விட்டுவைத்தார்கள். பத்துப் பெண்களையும் வெளியே அனுப்பிவிட்டால் தொட்டியில் கை நனைக்க ஆளில்லை. இப்போது அங்கே அடையாளம் 'வெளிப்படைத்தன்மை' என்று அவள் வந்து சொன்னாள். வில்லை புதிது, உறுதிமொழியும் புதிது.

"நெஞ்சுல கை வெக்கறியா?" என்று கேட்டார் கணவர்.

"வெக்கறேன் அண்ணா. வாயை மட்டும் அசைக்கறேன்."

டை வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகுமுன் ஒரு கட்டுரை எழுதி எங்கோ வெளியிட்டாராம். அடையாளம் எப்படிப் பணியாளரின் ஈடுபாட்டைத் தூண்டி உற்பத்தியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது என்பதற்கு அட்டவணையோடு சான்று. மேடையில் கண்ணீரோடு நிற்கும் குமிழியின் படமும் உண்டு. நாத்தனாரின் பெரிய பெண் அதைக் கைபேசியில் காட்டினாள். அட்டவணை நாலாவது மாதத்தோடு முடிந்திருந்தது.

"இந்த ஆளு மேனேஜ்மென்ட் காலேஜ்ல இதையே பாடமா சொல்லிக் கொடுக்கறாராம் அத்தை" என்றாள் அவள்.

"அதைப் படிக்கறவங்க வீட்லயும் அடுப்பு இருக்கும்ல" என்று மட்டும் சொன்னாள் குமிழி.

அந்த வாரக் கடைசியில் தன் வீட்டு ரெகுலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். சிலிண்டர் கடைக்காரர் வாசலில் இரண்டு கோணிகளைத் திறந்து வைத்திருந்தார். வருகிறவர்களிடம் பழையதை வாங்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதும், நாற்பத்தொன்று என்றால் கோணியில் எறிவதுமாக இருந்தார். பித்தளை பித்தளையின் மேல் விழுந்து கிணுங்கியது. சில கழுத்துகள் புகையேறிக் கறுத்து, வருடக் கணக்கில் ஓர் அடுப்பைக் காவல் காத்த அடையாளத்தோடு கிடந்தன.

அவருக்கு அவள் யாரென்று தெரியாது. அவள் நீட்டியதை வாங்கிப் பார்த்தார். "இது ரொம்பப் பழசும்மா. எப்படிக் கறுத்திருக்கு பாருங்க. இதெல்லாம் ஒண்ணும் ஆகாது. இதுல நல்லதும் நிறைய இருக்கும்."

"இருக்கும்" என்றாள் குமிழி. "இங்க வர்றவங்களுக்கு எது எதுன்னு தெரியாதுல்ல?"

அவர் தயங்குவதைப் பார்த்து, அவர் கையிலிருந்து அதை வாங்கி அவளே கோணியில் போட்டாள். பிறகு, வரிசை நீண்டுகொண்டே போவதைக் கண்டு, ஓரமாக உட்கார்ந்து, அடுத்தவர் நீட்டியதை வாங்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள்.